செவ்வாய்க்கிழமை இடுப்பு வலி

ஜெயராணி அக்கா இறந்த செய்தி எங்கள் நிர்வாகியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் எனக்கு வந்தது. கூப்பிய கைகள், இரண்டு ரோஜாப்பூ, நடுவில் அக்காவின் அடையாள அட்டைப் படம். கீழே ‘பெண்கள் மனநலப் பணியின் மாமணி மறைந்தார்’ என்று எழுதியிருந்தது. அக்கா உயிரோடு இருந்தவரை அவர் அறைக்கு ஒரு மின்விசிறி மாற்றித் தராத மனிதர் எழுதியது அது. அக்கா தன் ஊரான ஆவூரில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுவதை அவர்கள் போடமாட்டார்கள் என்பதால் அக்காவைத் தெரிந்த உங்களுக்கே நேராக எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கறம்பக்குடிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனையில் அவர் மனநல ஆலோசகர். நான் அங்கே மருந்து கொடுப்பவள், பெயர் சுமதி. செவ்வாய்க்கிழமை அக்கா பெண்களைப் பார்ப்பார். மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறை வரும் டாக்டர் எழுதிக் கொடுப்பார். நான் கவரில் போட்டுத் தருவேன்.

ஆரம்பத்தில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அறைக்கு வெளியே பெயர்ப்பலகை இருந்தது, சீட்டில் உள்ளது உள்ளபடி எழுதினோம். அந்த நாட்களில் ஒரு பெண் வந்தாள். பெயர் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. தூக்கமில்லை, பிள்ளை அழுதால் இவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவாள். அக்கா அவளை ஏழெட்டு மாதம் வாரம் தவறாமல் வரவழைத்துப் பேசினார். கடைசியில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதற்கு ரிப்பன் வாங்கிய கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

பிறகு அவள் கணவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார். என் ஜன்னலுக்கு வந்து மரியாதையாகத்தான் கேட்டார். “எம் வீட்டுக்காரிக்கு என்ன மாத்திரைங்க குடுக்கிறீங்க? கவர்ல பேரே இல்லையே?”

கணவர் அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்கு மகிழ்ச்சி. “மனசுக்குத்தாங்க. பயப்படாதீங்க, இப்ப நல்லாயிட்டாங்க” என்றேன். கேட்டார் என்று சீட்டை ஜெராக்ஸ் எடுத்தும் கொடுத்தேன். இதைவிட முட்டாள்தனம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. மூன்று வாரத்தில் அந்தக் காகிதம் இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் கூடிய இடத்தில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. பைத்தியத்தைக் கட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு முடிந்தது. பிள்ளை அங்கேயே இருக்க, அவளை மட்டும் கீரமங்கலத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நானும் அக்காவும் அவளைப் பார்க்கப் போனோம். அவள் வெளியே வரவில்லை. அவள் அம்மாதான் நின்றபடியே பேசினார். “நல்லாயிருச்சுன்னுதாங்க நாங்க நெனச்சோம். ஒங்க சீட்டுதான் எம் புள்ளையப் பைத்தியமாக்குச்சு. இனிமே இங்கிட்டு வராதீங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தும் பழக்கம் கிடையாது, அவர் தொழிலுக்கு அது வேடிக்கைதான். ஆலங்குடி தாண்டிய பிறகு சொன்னார்: “நீ கெட்ட எண்ணத்துல குடுத்திருந்தா ஒன்னத் திட்டிட்டுப் போயிருவேன் சுமதி. நல்லெண்ணத்துல குடுத்தியே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

அடுத்த செவ்வாய் பெயர்ப்பலகை கழன்றது. அக்கா எங்கேயோ போய் இடுப்புக்கான நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வந்தார். அறைக்குள் எடை மெஷினும் பிரஷர் மெஷினும் வந்தன. அன்றிலிருந்து வருகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே நோய்தான். பதிவேட்டில் வரிசையாக ‘இடுப்பு வலி’ என்று எழுதியது என் கை. உண்மை எங்கள் இருவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். அக்கா சொல்வார்: “மனசு சரியில்லைன்னா ஒரு பொம்பளைய எந்த வீட்டுலயும் பஸ் ஏத்தி விடமாட்டாங்க. இடுப்பு வலின்னா விடுவாங்க. இடுப்பு நின்னா வீட்டு வேலை நின்னு போகுமுல்ல.”

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் உண்மையிலேயே இடுப்பு போனவர்களும் வந்தார்கள், அவர்களுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அந்தப் பதிவேட்டில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன். அந்த டாக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார், எது எந்த வலி என்று இப்போது என்னைத் தவிர யாராலும் பிரிக்க முடியாது.

கூடவே வரும் மாமியார்களுக்கும் அக்காவிடம் வழி இருந்தது. சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருமகளுக்காகத் தாங்களே பதில் சொல்வார்கள். அக்கா அவர்களைக் கோபிக்கமாட்டார். “அம்மா, ஒரு நல்ல தைலம் இருக்கு, சுமதிகிட்ட வாங்கிட்டு வந்துருங்க” என்று அனுப்புவார். எனக்கு உத்தரவு என்னவென்றால், தேட வேண்டும், கிடைக்கக் கூடாது. அரை மணி நேரம் அலமாரி அலமாரியாகத் தேடியிருக்கிறேன். ஓர் அம்மா பொறுமையிழந்து, “ஏத்தா, ஒனக்கு யாரு இங்க வேல போட்டுக் குடுத்தா?” என்றார். அதை அக்காவிடம் சொன்னபோது, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். பேனர், மாலை, மைக் எல்லாம் இருந்தது. நிர்வாகி பேசி முடித்து, “அம்மாவால பயனடைஞ்ச சகோதரிகள் யாராவது வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று மைக்கை நீட்டினார். யாரும் எழவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். பின்வரிசையில் என் கண்ணுக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சிலர் பக்கத்தில் கணவர், சிலர் பக்கத்தில் மாமியார். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது என்மேலேயே திரும்பியது.

மறுநாள் நிர்வாகி கூப்பிட்டார். மேஜையில் பதிவேடு திறந்திருந்தது.

“ஆரம்பத்துல கொஞ்சப் பேரு வந்ததோட சரி, அப்புறம் இத்தன வருசத்துல மனநலத்துக்குன்னு ஒருத்தர்கூட வரலையேம்மா. இந்தப் போஸ்ட்டு நமக்கு எதுக்கு? இடுப்பு வலிக்குத்தான் கூட்டம் அள்ளுது. அந்த ரூம்ல பிசியோதெரபி மெஷின் போட்டுரலாம்னு இருக்கோம்.”

“அது எல்லாமே இடுப்பு வலி இல்லைங்க சார்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் இல்லை. “அப்ப ஒரு பத்துப் பேரு கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுக்கட்டும். நான் டிரஸ்ட்ல பேசி வேற ஆளு போட வைக்கிறேன்.”

அவர் கேட்டதில் தப்பில்லை, அதுதான் என்னை வதைத்தது. சந்தையில் ஒருத்தியைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். ஒரு காலத்தில் பூச்சிமருந்து பாட்டிலை அக்காவின் மேஜையில் கொண்டுவந்து வைத்தவள் அவள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்காவுக்காக என்ன வேணும்னாலும் செய்வேங்க. எம் பேர மட்டும் கேக்காதீங்க.”

அதற்குமேல் யாரிடமும் நான் கேட்கவில்லை. நிர்வாகி கடைசியாக, “நீங்களாவது பேரச் சொல்லுங்கம்மா, வெளிய போகாது” என்றார். இரண்டு பேர் பெயரைச் சொன்னால் அந்த அறை பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு முறை வாயைத் திறந்து ஒருத்தியின் பிள்ளையைப் பறிகொடுக்க வைத்தேன். இந்த முறை வாயை மூடி அக்காவின் அறையைப் பறிகொடுத்தேன். எது சரி என்று கேட்க அக்கா இல்லை.

போன மாதம் மெஷின் வந்துவிட்டது. அதை இயக்கும் தம்பி நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். சென்ற செவ்வாய் ஒரு பெண் வந்தாள். அக்கா இறந்தது அவளுக்குத் தெரியாது. நான் ஜன்னலை விட்டு வருவதற்குள் அவளைப் படுக்க வைத்து மெஷினைப் போட்டுவிட்டான். நோயில்லாத இடுப்பில் சூடு ஏறிக்கொண்டிருக்க, அவள் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

“ரொம்ப வலிக்குதாங்க?” என்று அவன் கேட்டான்.

“ஆமாங்க” என்றாள்.

ஜெயராணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளைப் போன்றவர்களின் பெயர்கள். எத்தனை பேர், எந்த ஊர், யார் பெண்டாட்டி, யார் மகள், எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்காக வேறு ஒன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அக்காவை எவ்வளவு நேசித்தவராக நீங்கள் இருந்தாலும், உங்களிடமும் சொல்லமாட்டேன்.