நீலச் சட்டைக்கு வெள்ளை எண்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால். கொடியில் தொங்கிய கருநீல டீ சர்ட்டில் ‘ஒன்று’ என்ற எண் மறைந்துகொண்டிருந்தது. அடித்தபோது பால் போல இருந்த வெள்ளை மை, காயக் காயத் துணிக்குள் இறங்கிவிட்டது. சட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரிந்தது.

குமாரபாளையத்தில் அதுவரை நான் அச்சடித்தவை கல்யாண மஞ்சள் பைகள் மட்டுமே. வெளிர் துணி, சிவப்பு மை. எப்படி அடித்தாலும் தெரியும். நீலத் துணிக்கு அதே மையில் வெள்ளை டப்பா வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்தாள். அவள் அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. லீவுக்கு வந்தால் நான் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு தபால் கார்டு. வாலிபால் டீமுக்கு எட்டு நீலச் சட்டை வேண்டும், ஒன்று முதல் எட்டு வரை எண் போட வேண்டும், எங்கப்பா அடித்துத் தருவார் என்று சொல்லிவிட்டேன், சனிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன். கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அவளுடைய எண் எது என்று அவள் எழுதவில்லை. நான் ஏன் கேட்டு எழுதவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு வழிகளை மைக்கடையில் சொல்லியிருந்தார்கள். ஒன்று, துணியின் சாயத்தையே உரித்தெடுக்கும் பசை; அடித்து இஸ்திரி போட்டால் எண் இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும், துணி துணியாகவே இருக்கும். மற்றது ரப்பர் வெள்ளை. அது நீலத்தின் மேல் தோல் மாதிரி உட்காரும். எங்கள் ஊர் வெயிலில் முதுகில் அதை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள்? சாம்பிளுக்குக் கொடுத்த பசையை எடுத்து, கெட்டுப்போன சட்டையின் முதுகில் அடித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. நீலம் அசையவில்லை.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அதற்குச் சாயம் போட்டவரிடம் சைக்கிளில் போனேன்.

“ஏனுங்க, சாயம் போனா எம் புள்ள மானம் போயிரும்னு இங்க நின்னு சண்ட போட்டது நீங்கதானுங்க?”

“ஆமாங்க.”

“இருக்கறதுலயே கெட்டிச் சாயமாப் போட்டுக் குடுத்தேன். இப்ப அதையே கழட்டோணும்ங்கறீங்க. நாலு நாளைக்கு முன்னால சொல்றதுக்கென்னங்க?”

அவர் சிரித்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சாயம் போகாததுதான் நல்ல துணி என்று கேட்டு வளர்ந்தவன். போகக்கூடிய சாயத்தை ஒருவன் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, கெட்டதற்குப் பதிலாக, அதே சாயத்தில் மிச்சமிருந்த ஒரு சட்டையைக் கொடுத்தனுப்பினார்.

ஈரோட்டுக்கு பஸ் ஏறி ரப்பர் வெள்ளை வாங்கிவந்தேன். சாயங்காலம் எட்டுச் சட்டைக்கும் அடித்தேன், ஒரு பூச்சு காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு. அச்சுச் சட்டத்தின் மறுமுனையை அவள் அம்மாதான் அழுத்திப் பிடிப்பாள். இப்போது அங்கே ஒரு செங்கல் வைத்திருந்தேன். காலையில் எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, ஒன்றை எடுத்து என் வெற்று முதுகில் வைத்துப் பார்த்தேன். சுட்டது.

பன்னிரண்டரைக்குத் திருச்செங்கோடு வழியாக வரும் பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். எண்களை விரலால் தடவினாள்.

“ரப்பருங்களாப்பா?”

“ஆமா சாமி. வேற எதுவும் ஒத்துவரல. போட்டா வேர்க்கும்.”

“பரவால்லீங்க. பளிச்சுனு இருக்குது.”

“இதுல உன்னுது எது?”

கொடிப்பக்கம் போனாள். நான் திரும்பக் கொண்டுவந்து போட்ட கெட்டுப்போன சட்டை அங்கே கிடந்தது. “இது யாருக்குங்கப்பா?”

“அது வீணாப் போச்சு.”

அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மங்கலான ‘ஒன்று’ தெரிந்திருக்க வேண்டும்.

“அப்ப இது எனக்குங்கப்பா. ஆடறவங்க எட்டுப் பேருங்க. நான் பந்து பொறுக்கிப் போடறேன். சட்டை கொண்டாந்தா என்னையும் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க.”