பஞ்சிங் பேக்குக்கு ஒரு கொக்கி

எங்கள் வீட்டில் ஒரு பஞ்சிங் பேக்கை மாட்டுவதற்கு அப்பா இரண்டு மாதம் இடம் தேடினார். இடம் இல்லாமல் இல்லை. ஹாலில், ஃபேனுக்கு நாலடி தள்ளி, அதற்கென்றே செய்து வைத்ததுபோல் ஒரு கொக்கி இருந்தது. அதில் மட்டும் மாட்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த பி.டி. மிஸ், பெண் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தரப் போவதாக அறிவித்து, ஒரு நாள் காலையில் எங்களை வரிசையாக எடை மெஷினில் ஏற்றினார். இருப்பதிலேயே குறைந்த எடைப் பிரிவுக்கு அவருக்கு ஆள் அகப்படவில்லை. நான் ஏறியதும் முள் இருபத்தெட்டில் நின்றது. மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. என்னிடம் ஏதோ வீரத்தைக் கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் சொன்னேன்.

அப்பா நம்பினார். அன்று மாலையே என்னை வண்டியில் உட்கார வைத்து விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் காட்டிய பஞ்சிங் பேக்கைத் தட்டிப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை. எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருப்பவர்கள் கடையில் ஒரு பொருளைப் பார்ப்பது வாங்குவதற்காக அல்ல, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக.

உக்கடத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பாய் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அவர் அளவெடுத்துக்கொண்டே, "பையனுக்குங்களா?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குங்க பாய்."

பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படின்னா ரெட்டைத் தையலாப் போட்டுடறேன்" என்றார்.

உள்ளே அடைக்கத் திருப்பூரிலிருந்து இரண்டு சாக்கு பனியன் வேஸ்ட் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் உட்கார்ந்து அடைத்தோம். சொல்லப்போனால் அடைத்தது அம்மாதான். நானும் அப்பாவும் கைகையாகத் துணியை அள்ளிப் போட, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உலக்கையால் இடித்து இறுக்கினாள். "இது என்ன, நெல்லு குத்தறதைவிட லேசாத்தான இருக்குது" என்று சிரித்தாள். அடியில் ஒரு துணிப்பையில் மணல் போட்டோம். மொத்தம் நாற்பது கிலோ. அப்பா தன் பங்குக்கு, பை எவ்வளவு சுற்றினாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாதபடி மேலே ஒரு பேரிங் வைத்திருந்தார். கடையில் இருந்ததில் அது இல்லை என்று மூன்று தடவை சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

இந்த வீடு நான் பிறப்பதற்கு முந்தின வருடம் கட்டியது. கான்கிரீட் போட்ட அன்று அப்பா கம்பியை வளைத்துத் தன் கையாலேயே பதித்த கொக்கி அது. "யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்குமுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். யானை வரவில்லை, நான் பிறந்தேன். என் தொட்டிலைக் கட்டினார்கள். எனக்குப் பிறகு அதில் எதுவும் தொங்கியதில்லை.

"அங்க வேண்டாமுங்க" என்றாள் அம்மா. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏன், அதை விட்டா வேற..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி. வேற எடம் பாக்கலாம்" என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மோட்டாரில் எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று கரண்டு ஆபீஸ்காரரிடம் அரை மணி நேரம் வாதாடுகிறவர், அம்மாவிடம் ஒரே சொல்லில் தோற்றுவிட்டார்.

ஏன் கூடாது என்று நான் கேட்டபோதெல்லாம் அம்மா ஒவ்வொரு காரணம் சொன்னாள். வெளக்கு வெக்கற ஊட்டுல நடுவால மூட்டை தொங்கினால் நன்றாகவா இருக்கும் என்றாள். மறுநாள், ஒறம்பரை வந்தால் தலையில் இடிக்கும் என்றாள். நம் வீட்டுக்கு வரும் உறவில் அவ்வளவு உயரமானவர்கள் யாருமில்லை என்று நான் பெயர் பெயராக எடுத்துச் சொன்னேன். அடுத்த நாள் காரணம் மாறி, சத்தம் ஆகாது என்றாள்.

முதல் யோசனை பெரியப்பாவுடையது. அவர் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம். கொல்லையில் இருந்த முருங்கை மரத்தில் மாட்டலாம் என்றார். முருங்கைக் கிளை ஒடியும் என்று தெரியாதவர் அல்ல அவர். "அட, இது முத்தின மரம்டா, ஒண்ணும் ஆகாது" என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். நான் நாலாவது குத்து விடும்போது கிளை, காய், பை எல்லாம் ஒன்றாக இறங்கின. இரண்டு வீட்டிலும் மூன்று நாள் முருங்கைக்காய்ச் சாம்பார்.

அடுத்தது போர்ட்டிகோ. அப்பா மேலே துளை போட்டு போல்ட் இறக்கினார். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் பெய்த மழையில் சாரலடித்து, பனியன் துணி தண்ணீரைக் குடித்துக் குடித்து, பை ஒன்றரை மடங்கு கனமாகிவிட்டது. விடிந்து பார்த்தால் போல்ட்டும் அதைச் சுற்றியிருந்த காரையும் அப்பாவின் வண்டி சீட்டின் மேல் கிடந்தன. உள்ளே இருந்த துணியை எல்லாம் உருவி மொட்டை மாடியில் காயப் போட்டோம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஆயிரம் துண்டுகள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் துணியைத் திரும்ப அடைத்தபோது அம்மாவை உலக்கையைத் தொட அப்பா விடவில்லை. அந்த நாட்களில் அப்பா வேறு பல காரியங்களும் செய்தார். தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். கேஸ் சிலிண்டரை அவரே உருட்டினார். அம்மா மாடிப்படி ஏறப் போனால் "நீ இரு" என்று அவரே ஏறினார். போர்ட்டிகோவைப் பாழாக்கிய குற்ற உணர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் பை பட்டறைக்குப் போனது. கனமான சாமான்களைத் தூக்கச் சங்கிலி பிளாக் மாட்டும் இரும்புக் கர்டரில் தொங்கியது. அங்கே வேலை செய்த அண்ணன்கள் டீ குடிக்கும் நேரமெல்லாம் அதைக் குத்தினார்கள். யாரோ சாக்பீஸால் அதில் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். அடிக்கடி வந்து வேலையில் குறை சொல்லும் வாடிக்கைக்காரர் ஒருவரின் சாடை அதில் இருந்தது. பள்ளி விட்டு நான் போவதற்குள் எல்லாரும் குத்தி முடித்திருப்பார்கள், பை கிரீஸ் அப்பிக் கிடக்கும். அப்புறம் ஒரு பெரிய வேலை வந்து, கர்டர் தேவைப்பட்டு, அதைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார்கள்.

போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்தப் போட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் எடைப் பிரிவில் மாவட்டத்திலேயே இரண்டு பேர்தான். இன்னொருத்தி பொள்ளாச்சிக்காரி. இரண்டாவது சுற்றில் என் மூக்கில் ஒன்று விட்டாள், நடுவர் நிறுத்திவிட்டார். இரண்டே பேர் என்பதால் தோற்ற எனக்கு வெள்ளிப் பதக்கம். "மாவட்டத்துலயே ரெண்டாவதுங்க" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஒரு மாதம் எனக்கு வாழ்வா சாவா என்றிருந்தது. ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அது தொட்டில் கட்டற கொக்கிதானுங்கம்மா? நம்மூட்ல தொட்டில்ல போடறதுக்கு யாரு இருக்கா?"

அம்மாவின் கை நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கீரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "பசிக்குதா சாமி?" என்று கேட்டாள். எழுந்து கை கழுவிவிட்டு எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். அம்மாவிடம் இதற்குப் பதில் இல்லை, ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நாலு தோசை தின்றேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். "அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்ல கண்ணு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்குது. ரெண்டு நாள்ல வந்துருவா" என்றார். அம்மா இரண்டு நாளில் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உடுமலையில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு, ஓய்வெடுக்க என்று போய்விட்டாள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. நான் வருகிறேன் என்று அழுததற்கு, பள்ளிக்கூடம் போகணும் என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அப்பாவுக்கு உப்புமா ஒன்றுதான் கிண்டத் தெரியும். ஒரு நாள் அதைத் தின்றுகொண்டிருக்கும்போது எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. "ஏனுங்கப்பா, அம்மாதான் இல்லையே. மூட்டைய அந்தக் கொக்கில மாட்டிரலாமா? அம்மா வர்றதுக்குள்ள கழட்டிரலாம்" என்றேன்.

அப்பா கையை ஓங்கினார். என் வாழ்நாளில் அவர் என்மேல் கை ஓங்கியது அந்த ஒரு முறைதான். ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு இறங்கி, தட்டைப் பிடித்துக்கொண்டது. "உங்கம்மா சொல்லாம அதுல ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது" என்றார். அதற்கு மேல் உப்புமாவை அவர் தின்னவில்லை.

அம்மாவுக்கு அந்த நாட்களில் வயிற்றில் பிள்ளை இருந்ததும், எனக்குப் பிறகு அப்படித் தங்காமல் போனது அது மூன்றாவது என்பதும், இனிமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. என் முதல் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த உடுமலைப் பெரியம்மா ஒரு மத்தியானம், பூண்டு உரித்துக்கொண்டே, ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னாள். அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

அம்மா வந்தபோது இளைத்திருந்தாள். பெரியம்மாவும் கூடவே வந்து அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் எழுந்து வரும்போது அம்மா ஹாலில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பதறி எழுந்தார்.

"ஏனுங்க, பட்டறைல இருந்து அந்த மூட்டையக் கொண்டாங்க" என்றாள் அம்மா.

"எதுக்கு? எங்க மாட்டறது?"

அம்மா மேலே பார்த்தாள்.

"வேண்டாம் அம்மணி" என்றார் அப்பா. அவர் அம்மாவை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

"இருக்கட்டுமுங்க. கொக்கி சும்மாத்தான இருக்குது. புள்ளை ரெண்டு மாசமா அலையறா."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் பெரியப்பாவுடன் பையைக் கொண்டுவந்தார். பெரியப்பா அதைத் தோளில் தாங்கிப் பிடிக்க, அப்பா ஸ்டூலில் ஏறிச் சங்கிலியை மாட்டினார். நாற்பது கிலோவும் இறங்கியது. கொக்கி அசையவில்லை. யானையைப் பற்றி அப்பா அன்று எதுவும் சொல்லவில்லை.

நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றிருந்தேன். முதல் குத்திலேயே பை அலைந்து அலைந்து தொலைக்காட்சிப் பெட்டியை இடிக்கப் போனது. "யாராச்சும் அந்தப் பக்கம் புடிச்சுக்கணும்னு மிஸ் சொல்லிருக்காங்க" என்றேன். அப்பா முன்னால் வந்தார். அதற்குள் அம்மா, "நீங்க இருங்க, நான் புடிக்கறேன்" என்று பைக்குப் பின்னால் போய், இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் தார்ப்பாய்த் துணிமேல் பதிந்திருந்தது. ஒரு பக்கம் சாக்பீஸ் மூக்கும், மறுபக்கம் அம்மாவின் காதும் தெரிந்தன.

"குத்து கண்ணு" என்றாள்.

குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் அம்மாவின் வளையல் குலுங்கியது.

"இவ்வளவுதானா? இன்னும் பலமா."

அப்பா ஸ்டூலைப் பிடித்தபடி நின்றவர், அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அவரைக் கவனிக்கவில்லை. இடது, வலது, இடது என்று மிஸ் சொன்னபடியே குத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா போதும் என்று சொல்லவில்லை. சத்தம் கேட்டுப் பெரியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். வந்தவள் அலறினாள்.

"அடி ஆகாதவளே! பச்ச ஒடம்ப வெச்சுக்கிட்டு என்ன பண்ணிட்டிருக்கற? நகரு அக்கட்டால!"

அம்மா நகரவில்லை. பையை விடவும் இல்லை. "நீ குத்து சாமி" என்றாள் என்னிடம்.

நான் குத்துவதை நிறுத்திவிட்டு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தேன். பச்சை எங்கே என்று தேடினேன். சேலை மஞ்சள். ரவிக்கையும் மஞ்சள். வளையல்கூடச் சிவப்புத்தான். வயதாகிவிட்டதல்லவா, பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, இடது காலை முன்னால் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அதுவரை குத்தியதிலேயே பலமான குத்து ஒன்றை விட்டேன்.