வெளியே பூட்டிய கதவு

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் ஸ்பாஞ்ச் வெட்டும் குடோனில் புகை கிளம்பியது. அவசர வழிக்கு ஓடினோம். கதவு வெளியே பூட்டியிருந்தது. திரும்பி முன்வாசலுக்கு ஓடும்போது, என்னோடு வேலை செய்த கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தாள். இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

மறுநாள் மேனேஜரிடம் போய், கதவை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டேன்.

"தொறந்து வெச்சா உங்கள மாதிரி ஆளுங்க சரக்கத் தூக்கிகினு பூடுவீங்க," என்றார்.

ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் என் பையை மட்டும் தரையில் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவோடு நாப்கினும் விழுந்தது. அடுத்த வாரம் வேலை போயிற்று.

அந்த ஆத்திரத்தில்தான் தீ பாதுகாப்பு டிப்ளமோ படித்தேன். ஆறு வருடம் கழித்து, அதே கம்பெனியில் தீ அபாயத்தை மதிப்பிட எங்கள் ஆபீஸ் என்னை அனுப்பியது. நான் அங்கே வேலை பார்த்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதே மேனேஜர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மேடம் மேடம் என்று இளநீர் வரவழைத்தார். அதே கதவு, அதே பூட்டு. உள்பக்கம் அட்டைப்பெட்டிகள் வேறு. குறித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மனசு ஆறவில்லை.

"ஒரு ஒத்திகை பாக்கணும் சார். முன்வாசல்ல தீன்னு வெச்சுக்குங்க. நீங்க பின்னாடி கதவு வழியா வெளிய வாங்க."

வெளியே செக்யூரிட்டி திறந்துவிடுவார் என்று நினைத்து அவரும் சரி என்றார். வேலை செய்த பெண்களை முன்வாசல் வழியாக வெளியேற்றிவிட்டு, ஜன்னலில்லாத அந்தக் குடோனில் விளக்கை அணைக்கச் சொன்னேன். பின்கதவுக்கு வெளியே செக்யூரிட்டியோடு நின்றேன். பெண்களும் வந்து கூடினார்கள். உள்ளே பெட்டிகள் சரிந்தன. பிறகு கதவு அதிர்ந்தது.

"யோவ், தொறய்யா!"

"சாவி உங்க டேபிள்லதான் கீது சார்!" என்றார் செக்யூரிட்டி.

பெண்கள் சிரித்தார்கள். ஒரு நிமிடத்திலேயே எனக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. நான்கு நிமிடம் தட்டவிட்டேன். பிறகுதான் சாவியை எடுத்துவந்து திறக்கச் சொன்னேன்.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரிடம், "அன்னிக்கு என் பையக் கொட்டச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா சார்?" என்றேன்.

"எந்தப் பை மேடம்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. ஆறு வருடம் நான் தினமும் நினைத்தது அவர் மனதில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

அறிக்கையில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதவைச் சரிசெய்யும்வரை குடோனை மூடினார்கள். அவரைப் பதவி இறக்கி வேறு ஊருக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்ட அன்று, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.