எங்கள் மிளகு, அவர்களுடைய நிதி

ஜெர்மனியில் முனைவர் பட்டம் முடித்து, தாவர நோயியல் விரிவுரையாளராக நான் ஊர் திரும்பிய இரண்டாம் வருடம், பலாபத்வலயில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் மாத்தளையில் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவின் கடைக்கு மிளகு போடுபவர்; அண்ணன் முறையில் நானா என்போம். வேரோடு பிடுங்கிய கொடியொன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வேர் கறுத்து அழுகியிருந்தது.

"மருந்து அடிச்சும் கேக்குதில்ல மிஸ். என்ன வருத்தமுன்னு பாத்துச் செல்லுங்க."

"ஒரு மாசத்துல சொல்லிடுறேன் நானா" என்றேன்.

அது நான் ஜெர்மனியில் பழகிய வேகம். வெளிநாட்டு மாணவியான எனக்கே அந்த அரசாங்கம் சம்பளம் தந்தது. கேட்ட ரசாயனம் மறுநாள் வந்தது. ஓர் ஆய்வுக்கென ஒதுக்கிய பணத்தில் இடையில் எவரும் கைவைக்கவில்லை.

இங்கே ஆய்வுகூடத்தில் பிரிஜ் இருந்தது, உள்ளே வைக்க ஒன்றுமில்லை. அரசாங்க நிதிக்கு விண்ணப்பித்தேன். கொழும்பில் நேர்முகத்தில் ஒருவர், இதனால் எத்தனை மாதத்தில் டொலர் வரும் என்று சிங்களத்தில் கேட்டார். நோய் என்னவென்றே இன்னும் தெரியாது என்றேன். "தெரியாததுக்கா காசு கேக்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஒரு வருடம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. சில வாரங்களில் இன்னொன்று: அத்தியாவசியமற்ற செலவுகள் நிறுத்தப்பட்டுள்ளன.

வேறு வழியின்றி ஜெர்மனியில் என் பழைய பேராசிரியைக்கு எழுதினேன். வெப்ப நாட்டுப் பயிர்களுக்கென்றே அவர்களிடம் அரசாங்க நிதி இருந்தது. அனுமதி பெற்று மாதிரிகளை அனுப்பினேன். ஆறே வாரத்தில் பதில். நானா அடித்த மருந்துக்கு வேரை அழுகவைத்த கிருமி சாகாது. வடிகால் வெட்டி, நோய்க்கொடிகளை எரித்திருந்தால் மற்றவை பிழைத்திருக்கும். எதை ஆராய்வது, எப்படி எழுதுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். வெளியான ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் ஐந்தாவது.

பிரதியோடு நான் போனபோது தோட்டத்தில் கொடிகள் இல்லை, அவை படர்ந்திருந்த மரங்கள் மட்டும் நின்றன.

"இதுல நம்ம தோட்டம் எங்க ஈக்கி மிஸ்?"

"இலங்கையில ஒரு தோட்டம்னு போட்டிருக்காங்க நானா."

கடைசிப் பந்தியைக் காட்டி, அது என்ன என்றார். நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்றேன். யாருக்கு? ஜெர்மன் அரசாங்கத்துக்கு.

அவர் கோபப்படவில்லை. "அவங்களுக்கு நம்ம மொளகுல இவ்வளவு அக்கறையா?" என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணி தந்து அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

போன வருடம் அமைச்சிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: அனுமதிக்கப்பட்ட ஆய்வின் முன்னேற்ற அறிக்கையை உடன் சமர்ப்பிக்கவும். பணம் வரவில்லை, கொடிகள் செத்துவிட்டன என்று எழுதி அனுப்பினேன். உரிய படிவத்தில் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள்.