மூன்று நாள் பார்வைக்கு வந்த வைரம்

"1964 மார்ச் 11, புதன். ஒற்றைக் கல், வெள்ளை, பொட்டலத்தில். மூன்று நாள் பார்வைக்கு. மேல்தட்டு நேர். கீழ்ப்பட்டைகள் எட்டும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. இடுப்பு:"

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். வைரத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் சுற்று விளிம்பைத்தான் இடுப்பு என்பார்கள். சொல்லை எழுதி இரண்டு புள்ளியும் வைத்த பிறகு வெளிச்சம் போய்விட்டது. செஞ்சியில் மேற்கே மலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட்டால் அறைக்குள் நூல் கோக்க முடியாது. மறுநாள் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.

அப்போது நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்தேன். புலப்படங்களைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் என் வேலை. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், ஜெர்மனியில் செய்த கவராயப் பெட்டி ஒன்றும் என்னிடம் இருந்தன. என்னைக் கல் பார்க்கத் தெரிந்தவன் என்று நம்ப, என் அக்காவுக்கு அந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன.

அக்காவின் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. கொழுந்தனார்கள் நிலத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, அவள் பங்குக்கு ரொக்கம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்னோடும் என் மனைவியோடும் வந்து இருந்தாள். அந்த ரொக்கம்தான் அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பிடி. அதை முழுவதும் ஒரு வைரத்தில் போடப் போவதாக ஒருநாள் காலை சொன்னாள்.

"நெலமா வாங்கலாமே அக்கா."

"வாங்குனா? மறு வருஷமே பக்கத்துக்காரன் வரப்ப வெட்டுவான். நான் ஒண்டிக்காரி போய் சண்ட போடணும்."

"தங்கம்?"

"அதுக்குத்தான் கவுருமெண்டு ஆயிரம் சட்டம் போட்டு வெச்சிருக்குதே. கல்லுன்னா மடியில முடிஞ்சிக்குவேன். எவனும் பங்கு கேக்க மாட்டான். ஒரு நாளு வேணும்னா வித்துக்குவேன்."

நான் தயங்கினேன். அவள் விடவில்லை. "படத்துல கோடு மயிரளவு தள்ளிப் போனாக்கூட கண்டுபுடிக்கிறவன் நீ. ஒரு கல்ல பாத்துச் சொல்ல மாட்டியா?"

மாட்டேன் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய வைரத்தை நான் அதுவரை கண்டதே இல்லை. கல்லின் பட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கனிமங்கள் குறித்த ஓர் ஆங்கில நூலில் படித்தவை. ஆனால் சுவையாகப் படித்ததை வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுக்குத் தண்டனை போல அந்தப் பொறுப்பு வந்தது.

தரகர் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். அக்காவின் புகுந்த வீட்டாருக்கு முன்பே பழக்கமானவர், நெற்றி ஏறிய, நிதானமான மனிதர். மடித்த காகிதத்தைப் பிரித்து, இடுக்கியால் கல்லை எடுத்து, வாசலில் இறங்கி வெயிலில் காட்டினார். சிறிய கொண்டைக்கடலை அளவு. கண் கூசியது. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

"வெயில்ல கண்ணாடித் துண்டும் மின்னும். உள்ள வாங்க, நெழல்ல பாக்கலாம்" என்றேன்.

"சார் படிச்சவரு போலக்குது" என்று அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "படிச்சவங்க கல்லு வாங்கி நான் பாத்ததில்லம்மா. பாத்துக்கிணே இருப்பாங்க."

வடக்குச் சன்னலின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துப் பார்த்தேன். நல்ல பட்டை என்பது மேலிருந்து விழும் ஒளியை உள்ளுக்குள்ளேயே திருப்பி மேலேயே அனுப்ப வேண்டும். கீழ்ப் பாதி ஆழம் கூடினால் நடுவில் இருள் அடைக்கும். ஆழம் குறைந்தால் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். இது நூலில் இருந்த விதி. என் கை நடுங்கியதில் கல்லில் இருளும் ஒளியும் மாறி மாறி ஓடின. எது விதி, எது நடுக்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வைரத்தை உடனே வாங்கமாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். அந்த நாள்களில் காய்ச்சலோ, கெட்ட கனவோ, சண்டையோ, ஏதாவது உடைவதோ நடந்தால் கல்லைத் திருப்பிவிடலாம். விற்பவர் காரணம் கேட்கமாட்டார். தரகர் அதற்குச் சம்மதித்து, ஒரு சீட்டை நீட்டினார். 'கல்லை வந்தபடியே திருப்பித் தருகிறேன்' என்ற வாசகத்தின் கீழ் கையொப்பமிட்டேன். ஆயிரக்கணக்கான படங்களில் போட்ட அதே கையொப்பம், அன்று கோணலாக விழுந்தது. கல்லை அக்கா சாமி மாடத்தில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாக இல்லை. யாரும் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. என் மனைவி பித்தளைச் சொம்பைக்கூட இரண்டு கையால் எடுத்து வைத்தாள். நான் தும்மல் வந்தால் கொல்லைக்குப் போனேன்.

"கனவு ஏதாச்சும் வந்துதா?" என்று அக்கா எங்கள் இருவரையும் கேட்டாள்.

"தூங்குனாத்தான அண்ணி கனவு வரும்" என்றாள் என் மனைவி. அக்கா சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா கடைக்குப் போனாள். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். வெளிச்சம் சீராக இருந்தது. அச்செழுத்துள்ள தாள் ஒன்றின் மேல் கல்லை மேல்தட்டு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். பட்டை சரியாக விழுந்த கல்லின் வழியே எழுத்து தெரியக்கூடாது. எனக்கு 'க' என்ற எழுத்தின் வளைவு தெரிந்தது.

நிமிர்த்தி, கண்ணாடி வைத்து மேலிருந்து பார்த்தேன். மேல்தட்டின் உள்ளே வெளிறிய வளையம் ஒன்று, மீனின் கண் போல, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் நடுக்கத்தில் தப்பிய வளையம். கல்லை அறுத்தவன் எடை போகாமல் இருப்பதற்காகக் கீழ்ப் பாதியை ஆழமில்லாமல் விரித்துவிட்டிருக்கிறான். அக்காவை மயக்கிய அந்தப் பெரிய முகம்தான் கல்லின் குறை. விவரம் தெரிந்த எவரும் பின்னாளில் அவளிடம் அதை அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள்.

வெறும் பார்வையை நம்பி இதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. எண்ணாகத் தெரிந்தால்தான் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன். கவராயத்தை எடுத்தேன். அகலத்தை அளந்தாயிற்று. ஆழத்தை அளக்க இரண்டு எஃகு முனைகளுக்கு நடுவே கல்லை நிறுத்தியபோது, அது ஈரமான விதை போல வழுக்கிப் பாய்ந்தது. கடப்பைக்கல் தரையில் ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

முழங்காலிட்டுத் தேடினேன். மேசைக்கால் அருகே கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடுப்பு விளிம்பில், கத்தி முனை போல மெலிந்திருந்த ஓரிடத்தில், ஒரு சிறு சிதறல். எள்ளில் கால் பங்கு இருக்கும்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று குறித்து வைக்கவில்லை. நேரம் குறிக்காத ஒரே நிகழ்ச்சி அதுதான். தரையைத் துணியால் துடைத்து, துணியை உதறி, கண்ணாடியால் தேடினேன். துணுக்கு எதுவும் அகப்படவில்லை. அதனால் அது அப்போதுதான் சிதறியது என்று நிரூபணமாகவும் இல்லை.

பயம் ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. பட்டை நன்றாக இருக்கிறது, வாங்கு என்று நான் சொன்னால் போதும். கல் வீட்டைவிட்டுப் போகாது. தரகர் பார்க்கமாட்டார். அக்காவிடம் கண்ணாடி கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் கல் அவர் கைக்குப் போகும், சிதறலைப் பார்ப்பார், 'வந்தபடியே' என்ற சீட்டை நீட்டுவார். உடைத்த கல்லை அக்காதான் வாங்கியாக வேண்டும். இரண்டு வழியிலும் அவள் பிடி போய்விடும். ஒரு வழியில் மட்டும் அது யாருக்கும் தெரியாது.

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். என் மனைவி சுவரில் சாய்ந்து, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது.

"எப்பலேருந்து?"

"நேத்து ராத்திரியே. அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா இருக்காங்க. என்னாலதான் கெட்டுதுன்னு ஆயிடும்."

நானும் என்னுடையதைச் சொல்லவில்லை. ராசி பார்ப்பதற்காகத்தான் கல்லை வைத்திருந்தோம். பார்த்ததை எல்லாம் மறைத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி வரை தாங்கினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து தெரிந்தது, வளையம், ஆழம், கவராயம், தரை, சிதறல். முறத்தின் ஆட்டம் நின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அரிசியைப் பார்த்துப் பேசினேன்.

"கல்லு நல்லால்லன்றியா, இல்ல ஒடச்சிட்டன்றியா?"

"ரெண்டும்தான்."

"மொதல்ல எது தெரிஞ்சிது?"

"நல்லால்லன்றது."

"உன் பொண்டாட்டிக்கு ஜொரம். அது எனக்குத் தெரியும். நேத்தே கழுத்தத் தொட்டுப் பாத்துட்டேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "கல்லு வந்த அன்னிக்கே உங்க மாமா கனவுல வந்தாரு. இன்னாத்துக்குடி இதுன்னு கேட்டாரு. உங்க யாருக்கும் சொல்லாம நானும் வாய மூடிக்கினேன். அவ்ளோ ஆச."

பிறகு சாமி மாடத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழவில்லை. மறுநாள் வரை என்னோடு பேசவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தரகர் வந்தார். அக்கா பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்களுக்கு ராசி இல்லீங்க."

"சரிம்மா" என்றார் அவர். முறைப்படி, ஏன் என்று கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

"ஓரத்துல ஒரு சின்ன செதறல் இருக்குது" என்றேன். "வியாழக்கிழம கீழ..."

"அது வந்தப்பவே இருந்துதுங்க" என்றாள் அக்கா.

தரகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடி இல்லாமயே பாத்தீங்களாம்மா?"

"கண்ணு எதுக்கு? மாடத்துல வெக்கும்போது வெரலால தடவினேன். நகத்துல மாட்டுச்சி. இவன் பெரிய படிப்பாளி, மூணு நாளா கண்ணாடிய வெச்சிக்கிணு தேடறான்."

அவர் தன் நகத்தை விளிம்பில் ஓட்டினார். ஒருமுறை. நின்று, மறுபடி ஒருமுறை. தன் கண்ணாடியை எடுத்துக் கல்லைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்ததைவிட நீண்ட நேரம். வாசலில் மாட்டுவண்டி ஒன்று போனது. அந்தச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதை அக்காவிடம் நீட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

நான்காகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். "வரேம்மா" என்றார். படியிறங்கிப் போனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அக்கா சிங்கவரம் போகும் வழியில் வேர்க்கடலை விளையும் மண் வாங்கினாள். பயந்தது போலவே பக்கத்துக்காரன் வரப்பை வெட்டினான். இவள் போய்ச் சண்டை போட்டாள். நானும் அளவுச் சங்கிலியோடு உடன் போனேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை கேட்டேன். "நெஜமா மொத நாளே தடவிப் பாத்தியா அக்கா?"

"இப்ப அத வெச்சி இன்னா பண்ணப் போற? நோட்டுல எழுதப் போறியா?" என்றாள். எழுதத்தான் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே பதில் சொல்லவில்லை என்றும் தோன்றுகிறது. இப்போது அவள் இல்லை. தரகர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்பதற்கு மேல் விசாரித்ததில் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை அக்கா பொட்டலத்தைப் பிரித்ததைத் தான் பார்த்ததாக என் மனைவி சொல்கிறாள். கல்லைத் தொட்டாளா என்பதை அவள் கவனிக்கவில்லை.

மெலிந்த விளிம்புள்ள வைரம் கல் தரையில் விழுந்தால் சிதறக்கூடும் என்று பின்னர் வேறு இரண்டு நூல்களில் படித்தேன். விற்பனைக்குக் கைமாறி வரும் பழைய கற்களில் அப்படிப்பட்ட சிதறல் சாதாரணம் என்றும் அவற்றிலேயே இருக்கிறது. நாட்குறிப்பில் 'இடுப்பு:' என்ற சொல்லுக்குப் பின் இடம் காலியாகவே இருக்கிறது. 1964 மார்ச் 12, வியாழன் காலைக்கு முன் அந்தக் கல்லில் அது இருந்ததா என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.