வெள்ளையடிக்கச் சொன்ன சுவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. ஏரல் பக்கம் தாமிரபரணிக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். அப்போது அந்த ஊருக்கும் சேர்த்து நான்தான் கிராம சுகாதாரச் செவிலியர். வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் தரைப்பாலத்தைத் தாண்டிப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த ஆற்றங்கரையில் எனக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளை பிறந்துவிடும் என்று ஒரு மிதப்பும் உண்டு. அந்த மிதப்பு எங்கே போய் முட்டியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"கடைசி வீட்டுக்குத் தனியாப் போவாதிய நர்ஸம்மா. அங்கன வந்திருக்க பிள்ள செவுத்துல என்னம்மோ கரியால வரையுதா. அவ வந்த பொறவு எங்க வீட்டுல ரெண்டு ஆடு செத்துப் போச்சு."

"மழையில நனைஞ்சா ஆடு சாவத்தான செய்யும்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற யாருமே சிரிக்கவில்லை.

கடைசி வீடு எனக்குத் தெரிந்த வீடுதான். பின்னால் வாழைத் தோட்டம், அதற்கும் பின்னால் ஆறு. வீட்டுக்கார அம்மாவை ஊரோடு சேர்ந்து நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த கம்போடியாப் பெண்ணை அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டான். அவளும் முஸ்லிம் என்பதால் மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாத கர்ப்பத்தில் கூட்டிவந்து தாயிடம் விட்டுவிட்டு, இருபது நாளில் திரும்பிப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும். கெமர் என்பது அவள் பாஷை. தமிழில் கடையில் காதில் விழுந்தது மட்டும் தெரியும். சாப்பாடு, தண்ணீர், சூடு, போதும். எதைச் சொன்னாலும் "ஆமாக்கா" என்று தலையை ஆட்டிச் சிரிப்பாள்.

போன மாதம்தான் முதன்முதலாக அவளைப் பார்த்திருந்தேன். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று வானத்தைக் காட்டிச் சைகையில் சொன்னேன். கால் வீங்குகிறதா, கண் மங்குகிறதா பார்த்துக்கொள் என்றேன். வயிற்றில் பிள்ளை அசைவதை எண்ணிக்கொண்டு வா என்று அவள் வயிற்றில் தட்டித் தட்டிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆமாக்காதான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குக் கை ஒழியவில்லை.

இப்போது உள்ளே போனதும் மாமி என்னை நேரே அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். புகை படிந்த சுவரில் உச்சியிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் வரிசை வரிசையாகக் கரிக்கோடுகள். ஒவ்வொரு வரிசையிலும் கதிர் விட்ட ஒரு வட்டம், ஒரு பிறை, ஒரு பாதம், திறந்த ஒரு கண். கடைசியில் பானை மாதிரி ஒரு வயிறு. அந்த வயிற்றுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நகத்தால் கீறினதுபோலக் கீறல்கள். முப்பது வயிறு இருக்கும், முப்பதும் கீறலோடு. சொன்னால் வெட்கம், பட்டப்பகலில் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"ஒரு மாசமா நடக்கு நர்ஸம்மா. விடிஞ்சு பாத்தா ஒரு வரிசை கூடிருக்கு. எப்ப வரையுதான்னே தெரிய மாட்டேங்கு. பள்ளிவாசல் அசரத்துட்ட ஓதின தண்ணி வாங்கித் தெளிச்சும் நிக்கல" என்றார் மாமி, குரலை இறக்கி.

அந்தப் பெண் சுவருக்கு முன்னால் வந்து, அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன். ஒரு மாதமாக நடக்கிறது என்று மாமி சொன்னாரே, ஒரு மாதத்துக்கு முன்னால்தானே நான் வந்து போனேன் என்று என் மரமண்டையில் உறைக்கவே இல்லை. தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு மனசு கலங்கிவிட்டது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

"முதல்ல இதுக்கு வெள்ளையடிங்க மாமி. ஊரு வாய் தானா அடங்கிரும்" என்றேன்.

அடுத்த வாரம் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இனிமேல் மூன்று வேளை. அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. போனில் தமிழை அவள் பாஷைக்கு மாற்றி, தெருமுனைக் கடையில் ஒரு முழுத் தாளாக அச்செடுத்தேன். எந்த மாத்திரை எப்போது, தலைவலித்தால் என்ன செய்ய வேண்டும், கண் மங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கொடிகொடியாய்ச் சுருண்ட அந்த எழுத்தைப் பார்க்கவே அழகாக இருந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வரிவரியாகக் கண்ணை ஓட்டினாள், உதடுகூட லேசாக அசைந்தது.

"புரிஞ்சிச்சாட்டி?"

"ஆமாக்கா."

பழைய மாத்திரை அட்டையை நான் திரும்ப வாங்கிக்கொண்டு புது அட்டையைக் கையில் கொடுத்தேன். சைகையில் ஒன்றும் காட்டவில்லை. அதுதான் தாள் இருக்கிறதே! அடுப்பங்கரைச் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன், ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மழை விடவில்லை. அணையைத் திறந்துவிட்டார்கள். தரைப்பாலம் ஆற்றுக்குள் போய்விட்டது. அக்கரையில் மின்சாரமும் இல்லை, போனும் எடுக்கவில்லை. ஒன்பது நாள் நான் இக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். பத்தாம் நாள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்ததும், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பாலத்தை நடந்தே தாண்டினேன்.

நடுமத்தியானம், ஆனால் மேகம் கவிந்து மசமசவென்று இருட்டு. கடைசி வீட்டு வாசலில் மூன்று தட்டுகள் வாழை இலை போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தன. மூடினது மூடினபடி. முதல் இரண்டிலும் எறும்பு சாரை பிடித்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, மாமி இக்கரையில் ஒரு மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாராம். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரிக்கு உள்ளே போகப் பயம். சோற்றை வாசலில் வைத்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். கூடத்தில் யாரும் இல்லை, அடுப்பங்கரையிலும் இல்லை. வெள்ளைச் சுவர் வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று திரும்பினபோது, அரிசி டிரம்முக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் அந்தக் கரிக்கோடுகள் மறுபடியும் இருந்தன. சின்னச் சின்னதாக, ஒளித்து வைத்த மாதிரி.

குனிந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். வட்டமும் பிறையும் இல்லை. பாதம் மட்டும் வரிசைக்கு வரிசை பெரிதாகிக்கொண்டே போனது. கண் முதலில் திறந்திருந்தது, அப்புறம் பாதி, அப்புறம் மூடின கண், மறுபடியும் மூடின கண். கோடு நடுங்கி நடுங்கிச் சுவரோடு நகர்ந்து சாமான் அறைக்குள் போனது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

சாமான் அறை மூலையில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் கரித்துண்டு. கை சுவரை விட்டு இறங்கித் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. போன் வெளிச்சத்தை நேரே முகத்தில் அடித்தேன். இமை கொட்டவில்லை. காலடிச் சத்தம் கேட்டு, நான் நிற்காத பக்கம் முகத்தைத் திருப்பி, சிரிக்கப் பார்த்தாள்.

"அக்கா?"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ரத்த அழுத்தம் ஏறிக் கண் தெரியாமல் போயிருந்தது. புது மாத்திரை அட்டையில் இரண்டுதான் குறைந்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் ஊர் கூடிவிட்டது. ஆட்டைப் பறிகொடுத்தவளின் வீட்டுக்காரரும் இன்னொருவரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, ஓடுகிற தண்ணீரில் தரைப்பாலத்தைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் நூற்றெட்டு வண்டி நின்றது. திருநெல்வேலி போகிற வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியையும் தெரியாத சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்காகத் துணி மாற்றும்போது, அவள் வயிற்றோடு சேர்த்துக் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம் கட்டியிருந்தது. கத்தரித்து என் கையில் கொடுத்தார்கள். பிரித்தேன். எட்டாய் மடித்து, வேர்வையில் ஊறி, நான் பீற்றிக்கொண்டு அச்செடுத்த அதே தாள்.

அன்று இரவே அவள் புருஷன் மலேசியாவிலிருந்து கூப்பிட்டான். தாளைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுக்கா. அவ பாஷையிலயும் தெரியாது. செங்கச் சூளையில வளந்த பிள்ள. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்கல. அவ கூட மலேசியாவுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள்லயும் பாதிப் பேரு அப்படித்தான். வெக்கப்பட்டுக்கிட்டு யாருட்டயும் சொல்ல மாட்டா, படிக்க மாதிரியே பாப்பா. அவ ஊருல பெரியவங்க எதாச்சும் எழுதிக் குடுத்தா காவலுக்கு மேலுல கட்டிக்கிடுவாவளாம். நீங்க குடுத்ததையும் அப்படித்தான் நெனச்சிருப்பா."

இந்தக் காலத்தில், கையில் போன் வைத்திருக்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் தெரியாது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். போனை வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுதது. நான்காம் நாள் தாய்க்கும் பார்வை திரும்பியது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, அந்தக் கசங்கின தாளின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். கதிர் விட்ட வட்டம், பக்கத்தில் ஒரு பொட்டு. மாத்திரையை வாயில் போடுகிற மாதிரி காட்டினாள். பிறை, பக்கத்தில் ஒரு பொட்டு. பாதம், தன் காலை அமுக்கிக் காட்டினாள். பிறகு அந்தப் பானை வயிறு. என் கையை எடுத்து, காலியான தன் வயிற்றின் மேல் வைத்து, முதல் தடவை வந்தபோது நான் தட்டின அதே இடத்தில் தட்டினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஒவ்வொன்றுக்கும் ஒரு கீறல்.

பிள்ளை அசைந்த கணக்கு! எண்ணச் சொன்னது நான்தான். எத்தனையோ படித்த பெண்களிடம் நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தியும் ஒழுங்காக எழுதினதில்லை. இவள் ஒரு நாள் விடாமல் எழுதி, நான் வந்து பார்ப்பேன் என்று காத்திருக்கிறாள். நான் வந்தேன், பார்த்தேன், வெள்ளையடிக்கச் சொன்னேன்.

அவர்களை வீட்டில் கொண்டு விட்ட அன்று, அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்தேன். கடைசி வயிற்றில் ஒரே ஒரு கீறல்தான் இருந்தது. மாமி பக்கத்தில் வந்து, "இதையும் அடிச்சிரவா நர்ஸம்மா?" என்று கேட்டார். வேண்டாம் மாமி, கிடக்கட்டும் என்றேன்.

அந்தக் குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறாள். நானும் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். ஆனால் நான் நீட்டுகிற தாளை வாங்கிக் கண்ணை ஓட்டிவிட்டு யாராவது சட்டென்று "ஆமாக்கா" என்றால், இன்றும் எனக்கு மேல் சிலிர்க்கும். தாளைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, "நீ சொல்லு, நான் கேக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன், ஏனென்றால் ஒருத்தி ஒரு மாதம் முழுக்க எனக்காக எழுதி வைத்ததில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் அழிக்கச் சொன்னவள் நான்.