படகில் எத்தனை மென்

இருபது வருடமாக ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடியிருப்பில். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மிளகாய் தெரியும், பருத்தி தெரியும். கடல் என்றால் எனக்குப் பஸ் ஜன்னலில் தெரிகிற நீலம், அவ்வளவுதான். கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சேட்டையைத் தொடர்வார்கள்.

மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை வரும். போட், போட்ஸ். நெட், நெட்ஸ். அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. எஸ் என்ற ஒரே எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டால் கண்ணில் படுவதற்கெல்லாம் ஒட்டிவிடுவார்கள். ஃபுட் ஃபீட் ஆகும், மேன் மென் ஆகும் என்று ஆரம்பிக்கும்போதுதான் வம்பு. "நேத்து எஸ் போடச் சொன்னீக, இன்னைக்குப் போடக் கூடாதுங்கிறீக" என்று வழக்குப் பேச வந்துவிடுவார்கள்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வார்த்தைகளை அட்டைத் துண்டுகளில் எழுதித் தரையில் கொட்டிவிடுவேன். வலையில் வந்த மீனை அவர்கள் வீட்டார் தரம் பிரிக்கிறார்களே, அதே மாதிரி பிரிக்க வேண்டும். எஸ் போடுகிறதெல்லாம் பெரிய குவியல். உள்ளுக்குள் மாறுகிறவை தனியாக. ஷீப் மாதிரி எத்தனை வந்தாலும் மாறாதவை ஓரமாக. சொல்லி முடிப்பதற்குள் கைகள் பறக்கும். ஒரு நாள் நான் அவசரத்தில் தப்பாக எழுதிய அட்டையை ஒரு பெண்பிள்ளை எடுத்துப் பார்த்தாள். "இது சங்காயம், டீச்சர்" என்று ஜன்னலுக்கு வெளியே போட்டாள். கோழித்தீவனத்துக்குப் போகிற கழிவு மீனுக்கு அங்கே அதுதான் பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அவளுடைய அம்மா நண்டுக் கம்பெனியில் நண்டு உடைக்கிற வேலை பார்த்தார். முழுப் பரீட்சை நேரத்தில் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். பிள்ளையை டவுனில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நான்காவது சேர்க்கப் போகிறாராம். அடுத்த திங்கட்கிழமை அங்கே கேள்வி கேட்பார்களாம்.

"பதில் சொல்லலைன்னா ரெண்டாவதுலதான் போடுவாகளாம், டீச்சர். இவ்வளவு படிச்சிட்டு மறுபடியும் சின்னப் பிள்ளைகளோட உக்காரணும். கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் இருப்பதே பதினோரு பிள்ளைகள். அதில் கெட்டிக்காரியை என் கையாலேயே தயார் செய்து இன்னொரு பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம். ஆனால் நண்டு ஓடு கீறிக் கீறி அந்த அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன்.

பள்ளி விட்டு என் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கரையில், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் இரண்டு பேரும் உட்காருவோம். எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்லுவாள். நாலு நாளில் எனக்கே பெருமையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு எதிரில் ஒரு நாட்டுப்படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இராத்தங்கலுக்குப் போகிற படகு, காலையில்தான் திரும்பும். புத்தகத்துப் படத்தைவிட இது நல்ல பாடம் என்று தோன்றியது. கையை நீட்டி, "ஹவ் மெனி மென்?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டேன். மணலைக் கீறினாள். ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகு நகர்ந்துவிட்டது. நான் விடவில்லை. விரல் விட்டு எண்ணிக் காட்டலாம் என்று, "ஒன் மேன், டூ மென்..." என்று ஆரம்பித்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். எட்டு வயதுப் பிள்ளை, டீச்சர் கையைப் பிடிக்கிறாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

கோபம் வந்ததா என்று கேட்க வேண்டாம். சோற்றுப் பையையும் தூக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டேன். "உங்க பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டேங்குது. இதை நம்பி டவுனுக்குப் போகாதீங்க. ரெண்டாவதுல போட்டா ரெண்டாவதுலயே இருக்கட்டும்" என்றேன். அவள் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. என்ன கேட்டீக என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். படகு சின்னதாகத் தெரிந்தது.

"கடலுக்குப் போற ஆளை நாங்க எண்ண மாட்டோம், டீச்சர். கரைக்கு வந்தபொறகுதான் எண்ணுவோம். அவ அய்யாவும் அந்தப் படகுலதான் போறாரு."

எங்கள் ஊரில் சுரைக்கொடியில் பிஞ்சை விரல் நீட்டி எண்ணினால் அம்மா கையில் ஒரு அடி போடுவாள். பிஞ்சு வெம்பிவிடும் என்பாள். சுரைக்காய்க்கே அப்படியென்றால் இது பெற்ற அய்யா. அதை விளக்கிச் சொல்லவும் அவளால் முடிந்திருக்காது. அதைப் பற்றிப் பேசினாலே எண்ணினது மாதிரிதான். ஆறு வருடம் இந்தப் பிள்ளைகளோடு இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமத்தானே கேட்டீக" என்று டீ போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. முதல் பஸ்ஸில் வந்து கரையில் நின்றேன். வீட்டில் கேட்டதற்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பாதி எண்ணியவள் நான்தானே, அந்தப் படகு வந்து சேருகிறவரை எனக்கு நிம்மதி இல்லை. அவள் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

எட்டு மணிக்குப் படகு வந்தது. ஒவ்வொருவராக முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். "ஒன் மேன். டூ மென். த்ரீ மென்..." கடைசியாக இறங்கியவர் அவளுடைய அய்யா. "சிக்ஸ் மென்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு வாங்கிய நண்டு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அவர்களோடு டவுனுக்குப் போனேன். "எனக்கு அங்கன வாய் வராது, டீச்சர்" என்று அவள் அம்மா கூப்பிட்டிருந்தார். தலைமையாசிரியை நல்ல மாதிரிதான் தெரிந்தார். எங்களைச் சுவரோரம் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கேட்டார். டூத்? டீத். சைல்ட்? சில்ட்ரன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். கடல், ஒரு படகு, அதில் ஆட்கள்.

"ஹவ் மெனி மென்?"

பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு முறை கேட்டார். பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார். அப்போது அவள் தலையைத் தூக்கி அவரிடமே கேட்டாள்.

"போறாகளா, வாராகளா?"

அவருக்குப் புரியவில்லை. கேள்வியே விளங்கவில்லை போலிருக்கிறது என்று எங்கள் பக்கம் திரும்பினார். குறுக்கே பேசக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

"வாராக, ஆத்தா. நல்லாப் பாரு, கூடை நெறைய மீனு இருக்கு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கூடையையும் பார்த்தாள். "ஃபைவ் மென்" என்றாள்.

விடையை நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துத் தலைமையாசிரியை என்னை முறைத்தார். எங்களோடு அவரும் வெளியே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். நான்காவது என்றே எழுதினார்.

ஜூனில் அவள் டவுன் பள்ளிக்குப் போய்விட்டாள். குடியிருப்பிலிருந்து அவளோடு இன்னும் சில பிள்ளைகள் வேனில் போகிறார்கள். காலையில் என் பஸ் வந்து நிற்கும்போது அந்த வேன் எதிரே கிளம்பும். ஜன்னலில் கை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று பார்க்க மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாயங்காலம் என் பஸ்ஸுக்குச் சற்று முன்னால் வேன் திரும்பி வரும். ஒவ்வொருவராகக் குதித்து இறங்குவார்கள். அப்போது விரலை நீட்டியே எண்ணுகிறேன். ஒன் சைல்ட். டூ சில்ட்ரன். த்ரீ சில்ட்ரன். ஃபோர் சில்ட்ரன்.